இலவசம் என்னும் தூண்டில்

குன்னம் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! பருத்தி எடுத்துவிட்டு வரும் தாய் ஒருத்தி, முந்தானையில் முடிந்த கூலிப் பணத்தை அவிழ்த்துக் கொடுக்கிறாள். "இப்பத்தானே போட்டேன், அதுக்குள்ளயா தீர்ந்துடுச்சு?" என்று கேட்கிறாள். "28 நாள்தாம்மா கணக்கு" என்கிறார் கடைக்காரர்.

28 நாள் ஒரு மாதம் என்றால் வருஷத்துக்கு 13 மாதம்! பதின்மூன்றாம் மாதச் சம்பளமாகப் போனஸ் கேட்டால் நஷ்டக் கணக்கு காட்டுகிற முதலாளி வர்க்கம், நம்மிடம் வசூல் செய்யும்போது மட்டும் அந்தப் பதின்மூன்றாம் மாதத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது!

"கூலிக்காரனுக்கு இன்டர்நெட் எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைத் தளங்களில் நாளுக்கு இரண்டு முறை செல்போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது யார்? மத்திய சர்க்கார் அல்லவா! ஆலைத் தொழிலாளி தன் பி.எப். கணக்கில் முதலாளி பணம் கட்டினாரா என்று பார்ப்பது எதில்? அதே செல்போனில்தான். இணையம் இன்று ஆடம்பரமல்ல. ரோடு போல, குடிதண்ணீர் போல அது ஓர் அவசியம்.

அவசியம் எங்கே இருக்கிறதோ அங்கே ஏகபோகம் தூண்டில் போடும். அந்தத் தூண்டிலின் கதையை நாம் மறந்துவிடக் கூடாது.

2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் பேஸ்புக் கம்பெனி, அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சுடன் கைகோத்து, "ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட்" என்று கடை விரித்தது. முதலில் விரித்த மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு 'ப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். உள்ளே என்ன இருந்தது? பேஸ்புக்கும், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்ட சில தளங்களும்தான். வீடியோ கிடையாது. மற்ற உலகம் வேண்டுமென்றால் காசு! பணமுள்ளவனுக்கு முழு இன்டர்நெட், ஏழைக்குத் துண்டு இன்டர்நெட். டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடிய நம்மிடமே இரட்டைக் குவளையை நீட்டினார்கள்!

இதில் என்ன மோசம் என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நீர் ஊருக்குப் பொது. மதகைத் திறந்துவிடுபவருக்கு ஊர் கூலி கொடுக்கிறது. அவர் பண்ணையாரிடம் பணம் வாங்கிக்கொண்டு, பண்ணையார் வயலுக்கு மடை நிறையவும் குத்தகை விவசாயியின் வயலுக்குக் கசிவாகவும் விட்டால் ஊர் பொறுக்குமா? செல்போன் கம்பெனி மதகைத் திறந்துவிடுபவர்தான். ஏரிக்குச் சொந்தக்காரர் அல்ல. எந்தச் செய்தியானாலும் எந்தத் தளமானாலும் வேகத்திலும் கட்டணத்திலும் பாரபட்சமின்றி விட வேண்டும். இதற்குத்தான் இணையச் சமத்துவம் என்று பெயர். இது இல்லையென்றால் முதலாளியின் பத்திரிகை இலவசமாகப் பாயும். தொழிற்சங்கத்தின் குரல் காசு கொடுத்தால்தான் கேட்கும்!

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2014 டிசம்பரில் இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்த ஏர்டெல், எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. 2015 ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சலில் குவிந்தன. பேஸ்புக் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்து பார்த்தது. பலிக்கவில்லை! 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறுபட்ட கட்டணம் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம் என்று டிராய் உத்தரவிட்டது. அந்த வாரமே ப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் மூட்டை கட்டியது.

அப்போது பேஸ்புக் டைரக்டர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் என்ன எழுதினார் தெரியுமா? காலனி எதிர்ப்புதான் இந்திய மக்களின் பொருளாதாரத்தைப் பல காலமாகக் கெடுத்தது என்றார்! கண்டனம் எழுந்ததும் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டார். ஆனால் பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. தர்மம் என்று நீட்டிய கைக்குள் இருந்தது பழைய காலனி ஆதிக்கத்தின் எண்ணமே.

"ஒன்றுமில்லாததற்குத் துண்டாவது மேல் அல்லவா?" என்று இன்னும் சில நல்லவர்கள் கேட்கின்றனர். 2024-ல் உலகில் 260 கோடிப் பேர் இணையம் இன்றி இருந்ததாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டது. அவர்களுக்கு இணையம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் கம்பெனியின் இலவசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

2016 செப்டம்பரில் முகேஷ் அம்பானியின் ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை இலவசம். ஜனங்கள் வரிசையில் நின்றனர். என்ன நடந்தது? தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலானது. நம் போன்களில் சிக்னல் செத்தது. தனியாரில் மிஞ்சியவை மூன்று கம்பெனிகள். போட்டி ஒழிந்ததும் தூண்டிலை இழுத்தார்கள். 28 நாளுக்கு 129 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 2021 டிசம்பரில் 155 ஆயிற்று; 2024 ஜூலையில் 189 ஆயிற்று. ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் 179-ஐ 199 ஆக்கின. மூன்று கம்பெனிகளும் இரண்டே நாளில் விலையை ஏற்றின! கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பைக் கம்பெனிகளிடமே விட்டுவிட்டு டிராய் வேடிக்கை பார்த்தது.

பொதுத்துறை பி.எஸ்.என்.எல். என்ன ஆயிற்று? ஜியோ 2016-ல் 4ஜி விற்றது. பி.எஸ்.என்.எல். நாடு தழுவிய 4ஜி சேவையைத் தொடங்கியது 2025 செப்டம்பரில்! அதற்குள் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். கையைக் கட்டி ஓட்டப் பந்தயத்தில் விட்டுவிட்டு, "பொதுத்துறை ஓடாது" என்கிறார்கள்!

ஆகவே தோழர்களே, மதகில் பாரபட்சம் கூடாது என்று 2016-ல் வென்றது பாதி வெற்றியே. தண்ணீருக்கு விலையை ஏற்றிவிட்டால் சமத்துவ மதகால் ஏழையின் வயல் நனையாது. அந்தப் பாதியையும் பறிக்க முயற்சி நடக்கிறது. பெரிய தளங்கள் தங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று செல்போன் கம்பெனிகளின் சங்கம் 2023-ல் கேட்டது. பெரிய தளம் அந்தப் பணத்தை நம் தலையில் கட்டும். சிறிய தளம் அழியும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாதம் என்றால் முழு மாதமாக இருக்கட்டும். 28 நாள் பித்தலாட்டம் ஒழியட்டும். அடிப்படைத் திட்டத்துக்கு டிராய் உச்ச விலை நிர்ணயிக்கட்டும். பி.எஸ்.என்.எல். கோபுரம் ஒவ்வொரு கிராமத்தையும் எட்டட்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கென்று திட்டமிட்ட கண்ணாடி இழைக் கம்பி, ஊராட்சி அலுவலகச் சுவரோடு நிற்காமல் நூலகத்துக்கும் பள்ளிக்கும் காலனித் தெருவுக்கும் வரட்டும். கேரளத்தில் 2023 ஜூனில் அன்றைய இடது முன்னணி சர்க்கார் கே-போன் என்ற பொது வலையைத் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பைத் தன் லட்சியமாக அறிவித்தது. அங்கே அப்படி ஒரு பொது வலை தொடங்க முடிந்தது என்றால், இங்கே ஏன் முடியாது?

பணம் எங்கே என்று கேட்பார்கள். தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம் கிராமப்புறச் சேவைக்கென்று சர்க்கார் வசூலிக்கிறது. நம் ரீசார்ஜ் பணத்திலிருந்து போகும் பணம் அது! நாம் கேட்பது பிச்சையல்ல.

குன்னத்திலும் வேப்பூரிலும் கிராமசபை கூடும்போது இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். ஆலை வாசலில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள். தூண்டில் புழுவை மீன்தான் விழுங்கும். மனிதன் விழுங்க வேண்டியதில்லை!