ஆறு வயதில் முதலாம் ஆண்டு: விளையாட்டை நிறுத்த வேண்டுமா?

சுங்கை பூலோ – 2027ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளை 6 வயதிலேயே முதலாம் ஆண்டில் சேர்க்கலாம் என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் கடந்த 2026 ஜனவரியில் அறிவித்தார். இது கட்டாயமில்லை, பெற்றோரின் விருப்பம்தான். ஆனாலும் 4, 5 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ஓராண்டு முன்னதாகப் பள்ளிக்கூடம் என்றால், ஓராண்டு முன்னதாகவே எழுத்தும் வாய்ப்பாடும் முடிந்திருக்க வேண்டும். அதற்கு நேரம் எங்கிருந்து வரும்? முதலில் கை வைக்கப்படுவது விளையாட்டு நேரத்தில்தான்.

அந்த இடத்தில்தான் கணக்கு தவறுகிறது. விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்ற பிரிவினை பெரியவர்கள் போட்டது. 2017இல் திருத்தப்பட்ட நம் பாலர் பள்ளிப் பாடத்திட்டமே விளையாட்டின் வழி கற்றலைக் கற்பித்தல் முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. பெற்றோர் பலருக்கு அது எட்டவில்லை. பாலர் பள்ளியிலிருந்து பயிற்சித் தாள் வராவிட்டால் "அங்கே ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை" என்றுதான் பேச்சு.

அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எளிதாகப் புரிய வைக்கும். கெல்லி ஃபிஷர், கேத்தி ஹெர்ஷ்-பாசெக் உள்ளிட்டோர் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு முக்கோணம் போன்ற வடிவங்களை மூன்று விதமாக அறிமுகம் செய்தனர். ஒரு குழுவுக்குப் பெரியவர் விளக்கினார், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தனர். இன்னொரு குழுவிடம் பொருள்களைக் கொடுத்து, இஷ்டப்படி விளையாட விட்டுவிட்டனர். மூன்றாவது குழுவில் பிள்ளைகளே துப்பறிவாளர்கள். வடிவத்தின் ரகசியத்தை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்; பெரியவர் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டுத் தூண்டிவிட்டார். ஒல்லியாகவும் கோணலாகவும் வரைந்த முக்கோணத்தையும் முக்கோணம்தான் என்று கண்டுகொள்வதில் மூன்றாவது குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்தும் அது மறக்கவில்லை.

2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுபோன்ற 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தனர். தொடக்கநிலைக் கணிதம், வடிவ அறிவு போன்றவற்றில் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டு, நேரடியாகச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தது. அதற்காகத் தன்னிச்சையான விளையாட்டு வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். சண்டை போட்டுச் சமாதானமாவதும், தோற்றுவிட்டு மறுபடி ஆட வருவதும் எந்த ஆசிரியரும் பாடம் நடத்தி வருவதல்ல.

அந்த விளையாட்டு சுங்கை பூலோவில் ஒரு காலத்தில் தாராளமாகவே இருந்தது. ரப்பர் ஆய்வுக் கழகத்தின் தோட்டத்தில் தாய்மார்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போவார்கள், கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். சற்று வளர்ந்ததுகள் லயத்து வாசலில் நொண்டி, கோலி, அஞ்சாங்கல் என்று பொழுதைப் போக்கின. ரப்பர் கொட்டைக்கு ஈடான விளையாட்டுச் சாமான் இன்றைக்கும் எந்தக் கடையிலும் இல்லை. பத்து வயது அக்காள்தான் ஐந்து வயதுத் தம்பிக்கு ஆட்டத்தின் சட்டம் சொன்னாள். அதையே பொற்காலம் என்று கொண்டாடவும் முடியாது. ஆயாவின் வேலை பாலைக் கொடுத்துத் தூளியை ஆட்டுவது; கேள்வி கேட்டு உட்கார அவருக்கு ஏது நேரம்? பிள்ளைகளுக்கு விளையாட்டு கிடைத்தது, வழிகாட்டல் கிடைக்கவில்லை.

இன்று அந்த நிலம் ஊழியர் சேமநிதி வாரியத்தின் குவாசா டாமன்சாரா நகரமாகிவிட்டது. 2016 டிசம்பர் முதல் எம்ஆர்டி ஓடுகிறது. அடுக்குமாடி வீட்டில் வாசல் என்பது நடைபாதை. கீழே விளையாட்டு மைதானம் இருந்தாலும், வேலை முடிந்து வரும் பெற்றோர் கூட்டிப்போனால்தான் உண்டு. மிச்ச நேரம் கைப்பேசி. ஆக, பழைய சுதந்திரமும் போனது, அதன் இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை.

வழிகாட்டலுக்குப் பெரிய செலவு இல்லை. சொங்காக்கை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை சும்மா ஆடினாலே எண்ணப் பழகும். பக்கத்தில் உட்காரும் அம்மாவோ தாத்தாவோ, "கடைசிக் கொட்டை உன் வீட்டிலேயே விழணும்னா எந்தக் குழியில ஆரம்பிக்கணும்?" என்று கேட்டால், பிள்ளை கையை நிறுத்தி யோசிக்கும். ஒரு குழியில் எத்தனை, வீட்டுக்கு எத்தனை குழி தூரம் என்று மனக்கணக்கு ஓடும். இங்கே விடையைச் சொல்லிவிட்டால் ஆட்டம் கெட்டது. சொல்லாமல் பொறுத்திருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

பாலர் பள்ளி ஆசிரியருக்கும் இதே கஷ்டம்தான். ஒரே வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால், எல்லாருடைய விளையாட்டையும் கவனித்து, தகுந்த நேரத்தில் தகுந்த கேள்வியைப் போடுவது எளிதல்ல. பயிற்சித் தாளை நீட்டுவது எளிது. பெற்றோருக்கும் அதைக் கண்டால் திருப்தி. பாலர் பள்ளிக்கான புதிய பாடத்திட்டம் 2026இல் தொடங்கியுள்ள நிலையில், கட்டடம், மேசை நாற்காலியோடு ஆசிரியர் பயிற்சிக்கும் ஆள்பலத்துக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்டாக வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், எத்தனை புத்தகம் என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல் அரை மணி நேரம் வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்கலாம். பிள்ளைகள் விளையாடும்போது ஆசிரியர் எங்கே இருக்கிறார், அவர் வாயிலிருந்து வருவது கட்டளையா கேள்வியா என்று கவனித்தால் போதும்.