பயன்பாடே பாதுகாப்பு

ஜப்பானின் ஒசாகா நகரில், தொசபோரி ஆற்றங்கரையில், கித்தஹாமா என்னும் வணிகப் பகுதி உள்ளது. 2013 வரை பங்குச் சந்தையும் அங்குதான் இயங்கியது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இரண்டு தளங்கள் கொண்ட சிறிய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1912இல் பங்குத் தரகு அலுவலகமாகக் கட்டப்பெற்ற அது, 1997 முதல் தேநீரகமாக விளங்குகிறது. ஆற்றைப் பார்த்தபடி தேநீர் அருந்துவோர் தரும் பணமே அதன் கூரையையும் சுவரையும் காக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு பேரிடர் தந்த பாடம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கத்தில், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத பழங்கட்டடங்கள் பல அழிந்தன. அடுத்த ஆண்டே ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களைப் பதிவு செய்யும் எளிய முறையைக் கொண்டுவந்தது. உரிமையாளர் வெளித்தோற்றத்தைப் பேணிக்கொண்டு உள்ளே புதிய தொழில் நடத்தலாம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், முன்பு துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடம் இன்று காப்பியகமாக உயிர்ப்புடன் இருக்கிறது. அதே சாலையில் இருந்த பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி, பராமரிப்பின்றிச் சிதைந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் உலக வங்கியின் நிதியுதவியுடன் அதே தோற்றத்தில் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. பராமரிப்பைத் தள்ளிப்போடுவது சேமிப்பு அன்று. வட்டியோடு வளரும் கடன்.

இப்போது கார் நிக்கோபாரைக் கருதுவோம். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இத்தீவின் கரையோர ஊர்களை அழித்தது. தூண்களின் மேல் உயர்ந்து, குவிந்த ஓலைக் கூரையுடன் நின்ற வட்ட வீடுகளும் அழிந்தன. மக்கள் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்து, தகரக் கூரையிட்ட குடியிருப்புகளில் வாழத் தொடங்கினர். இங்கே புதுப்பிப்பதற்குப் பழைய கட்டடம் இல்லை. கட்டும் அறிவுதான் எஞ்சியிருக்கிறது. அந்த அறிவும் முதியோரின் கைகளில் இருக்கிறது.

ஆகவே, ஊர்தோறும் ஒரு வட்ட வீடேனும் பொதுப் பயன்பாட்டுக்காக எழ வேண்டும் என்பது நம் கருத்து. முதியோர் வழிகாட்ட, இளைஞர் கட்ட வேண்டும். தூண்களுக்கு இடையே உள்ள நிழலில் ஊர்க்கூட்டமும் தேநீர்க் கடையும் மகளிர் குழுவின் தேங்காய் எண்ணெய் விற்பனையும் நடைபெறலாம். ஓலைக் கூரையை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். அச்செலவை ஈட்டித் தரும் வேலை அந்த வீட்டுக்கு இருக்க வேண்டும். பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியாரின் வருகையைக் கட்டுப்படுத்துவதால், சுற்றுலாப் பயணியரை நம்பி இதைத் திட்டமிடல் ஆகாது. தீவினரே இதன் வாடிக்கையாளர்.

‘இதற்கு வங்கி எவ்வாறு கடன் தரும்? நிலம் துஹெத் என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொதுவுடைமை ஆயிற்றே, அடமானம் எங்கே?’ என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், சுய உதவிக் குழுக்களுக்கு இருபது இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் வழங்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடந்தருகின்றன. குழுவின் சேமிப்பு ஒழுங்கும் தொழிலின் வருவாயும் சீராக இருப்பின், நிலப் பத்திரம் இன்றியமையாதது அன்று. கட்டடத்துக்கான பொருளையும் உழைப்பையும் துஹெத் தரட்டும். தொழிலுக்கான முதலை வங்கி தரட்டும்.

எங்கே கட்டுவது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதை ஊர்க் கேப்டனும் துஹெத் மூத்தோருமே முடிவு செய்ய வேண்டும். அவர்கள் முடிவு செய்து வரும் நாளில், அடமானம் இல்லை என்று மட்டும் கூறி வங்கியாளர்களாகிய நாம் கோப்பை மூடிவிடலாகாது. முதியோரின் காலத்துக்குத் தவணை நீட்டிப்பு இல்லை.