கான்ட்ராக்டர் கம்பெனி வளரணும்னா முதல்ல யாரை எடுக்கணும்? உங்க சம்பளத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

போன வாரம் நம்ம சேனல்ல "ஆஃபர் லெட்டர்ல என்னென்ன பார்க்கணும்"னு ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுல நிறைய சிவில் இன்ஜினியர்கள் ஒரே மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. "நடுத்தர சைஸ் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியில நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுறாங்க. கம்பெனி வேகமா வளருதுன்னு சொல்றாங்க. போகலாமா?"

இதுக்கு வீடியோவுல பதில் சொல்ல நேரம் பத்தல. அதான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் கம்பெனி எத்தனை கோடிக்கு ஆர்டர் வச்சிருக்குன்னு பார்க்காதீங்க. அந்த ஆர்டருக்கெல்லாம் விலை போட்டது யாருன்னு கேளுங்க. அதுக்குன்னு பொறுப்பான ஒரு ஆள் இல்லாம ஒரு கான்ட்ராக்டர் வளர்ந்துகிட்டு இருந்தா, அந்த வளர்ச்சியோட ரிஸ்க்ல ஒரு பங்கு உங்க சம்பளத்து மேலதான் உட்கார்ந்திருக்கு.

ப்ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்னா என்ன?

ஐடி பார்க், ஆஸ்பத்திரி, மால், குடோன்னு ஒரு கமர்ஷியல் கட்டிடம் வருதுன்னு வைங்க. அடிக்கல் நாட்டுறதுக்கு முன்னாடியே பல மாச வேலை இருக்கு. டிராயிங் பார்த்து அளவு எடுக்கணும். சிமென்ட், கம்பி, ஆள் கூலி, மெஷின் வாடகை எல்லாம் சேர்த்து ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ரேட் அனாலிசிஸ் போடணும். சப் கான்ட்ராக்டர்கிட்ட கொட்டேஷன் வாங்கணும். எத்தனை மாசத்துல முடியும்னு திட்டம் போடணும். ஒப்பந்தத்துல இருக்குற ஷரத்தெல்லாம் படிக்கணும். கிளையன்ட்கிட்ட "இந்த டிசைனை இப்படி மாத்தினா செலவு குறையும்"னு சொல்லணும். கடைசியா, "இந்த வேலை நமக்கு வேணுமா, வேண்டாமா?"ன்னு முடிவெடுக்கணும்.

இது எல்லாத்துக்கும் தலைமை தாங்குறவர்தான் ப்ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஹெட். அமெரிக்காவுல இந்தப் பேர் ரொம்பப் பழக்கம். நம்ம ஊர்ல டெண்டரிங் மேனேஜர், எஸ்டிமேஷன் ஹெட், காஸ்டிங் ஹெட்னு பல பேர்ல இருப்பாங்க. எல் அண்ட் டி மாதிரி பெரிய நிறுவனங்கள்ல இதுக்குத் தனித் துறையே இருக்கு. நடுத்தர கம்பெனிகள்ல பெரும்பாலும் இந்த வேலையை முதலாளியே ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து பார்ப்பார். கூட ரெண்டு ஜூனியர் இன்ஜினியர், ஒரு எக்செல் ஷீட். அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம்

புரியறதுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கான்ட்ராக்டர் 20 கோடி ரூபாய்க்கு ஒரு வேலை எடுக்கிறார். எதிர்பார்க்கிற லாபம் 5%, அதாவது 1 கோடி. அப்போ செலவு 19 கோடி.

இந்த 19 கோடிச் செலவுல எஸ்டிமேட் வெறும் 3% தப்பாப் போச்சுன்னு வைங்க. பேஸ்மென்ட்ல தண்ணி இறைக்கிற செலவை விட்டுட்டாங்க, ஒரு மாடிக்கு ஷட்டரிங் அளவு குறைஞ்சு போச்சு. இந்த மாதிரிதான் நடக்கும். 3%ன்னா 57 லட்சம். 1 கோடி லாபம் 43 லட்சமா சுருங்கிடுது.

அந்த 57 லட்சத்தைத் திரும்பச் சம்பாதிக்க, அதே 5% லாபத்துல இன்னும் 11 கோடியே 40 லட்ச ரூபாய்க்கு வேலை செய்யணும்! ஒரு நல்ல ப்ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஹெட்டுக்கு வருஷத்துக்கு 30 லட்சம் கொடுத்தாலும், இந்த ஒரே ஒரு தப்பைத் தடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு வருஷ சம்பளம் வந்துடுது.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. ஐட்டம் ரேட் ஒப்பந்தமா இருந்தா, வேலை முடிஞ்ச அளவை அளந்து பில் போடுவாங்க. அளவு கூடினா காசும் கூடும். அங்க அடி விழுறது ரேட் தப்பானாத்தான். லம்ப்சம் ஒப்பந்தத்துல அளவும் உங்க தலையில, ரேட்டும் உங்க தலையில. எந்த வேலையை எந்த மாதிரி ஒப்பந்தத்துல எடுக்கலாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் வேணும். கொட்டேஷனைக் கூட்டிப் போட எக்செல் போதும், இந்த முடிவுக்கு அனுபவம் வேணும்.

ஜெயிச்சா சந்தோஷப்படணுமா?

1971ல கேப்பன், க்ளாப், கேம்ப்பெல்னு மூணு பேர் அமெரிக்க எண்ணெய் கம்பெனி ஒண்ணுல வேலை பார்த்துகிட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. எண்ணெய் வயல் ஏலத்துல ஜெயிக்கிற கம்பெனிக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரமாட்டேங்குதுன்னு கேள்வி. பதில் ரொம்ப எளிமையானது. வயல்ல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு எல்லாரும் குத்துமதிப்பாத்தான் கணிக்கிறாங்க. யார் ரொம்ப அதிகமாக் கணிச்சாங்களோ அவங்கதான் அதிக விலை கேட்டு ஜெயிக்கிறாங்க. பொருளாதாரத்துல இதை "வெற்றியாளரின் சாபம்"னு சொல்றாங்க.

டெண்டர்ல இது தலைகீழா நடக்கும். அஞ்சு பேர் விலை போடுறாங்க. குறைஞ்ச விலைக்காரர்தான் எல்-1. ஆனா அவர் விலை ஏன் குறைஞ்சுது? நிஜமாவே திறமையா செய்யத் தெரிஞ்சதால இருக்கலாம். எதையாவது கணக்குல சேர்க்க மறந்ததாலயும் இருக்கலாம். டெண்டர் திறந்த அன்னிக்கு இந்த ரெண்டும் வெளியில இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். ஆபீஸ்ல ஸ்வீட் கொடுப்பாங்க. எட்டு மாசம் கழிச்சு சைட்லதான் உண்மை தெரியும்.

விலையேற்றமும் அப்படித்தான். 2021, 2022ல ஸ்டீல் விலை ஏறின ஏற்றம் ஞாபகம் இருக்கா? உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த 2022 மே மாசம் மத்திய அரசு பல ஸ்டீல் பொருட்களோட ஏற்றுமதிக்கு 15% வரி போட்டு, அதே வருஷம் நவம்பர்ல எடுத்துச்சு. அந்த ஏற்றத்துக்கு முன்னாடி எஸ்கலேஷன் ஷரத்து இல்லாம நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்டர், கம்பி வாங்குற ஒவ்வொரு லோடுக்கும் தன் கையில இருந்து போட்டிருப்பார். அந்த ஷரத்தைக் கேட்டு வாங்குறதும் ப்ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் வேலைதான்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதி

பிரிட்டன்ல கரிலியன்னு ஒரு மாபெரும் கட்டுமான நிறுவனம். உலகம் முழுக்க சுமார் 43,000 பேர் வேலை பார்த்தாங்க. ஆர்டருக்குக் குறைவே இல்ல. 2017 ஜூலைல, ஒப்பந்தங்கள்ல 84.5 கோடி பவுண்டு மதிப்பைக் குறைச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சுன்னு அறிவிச்சாங்க. அடுத்த ஆறு மாசத்துல, 2018 ஜனவரி 15ஆம் தேதி கம்பெனி கதவைச் சாத்திடுச்சு. கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு கடன் பொறுப்பு. கையில இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு! லிவர்பூல்ல கட்டிகிட்டு இருந்த ராயல் ஆஸ்பத்திரி பாதியில நின்னுச்சு.

கரிலியன் விழுந்ததுக்குக் கணக்குக் காட்டின விதம், கடன், டிவிடெண்ட் கொடுத்ததுன்னு பல காரணம் இருக்கு. விலை போட்டது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா நஷ்டத்துல போற ஒப்பந்தத்தை அடுத்த ஒப்பந்தத்தோட அட்வான்ஸ் பணத்தை வச்சு ஓட்டுற பழக்கம் எங்க கொண்டு போய் விடும்னு அது காட்டுச்சு. நம்ம ஊர்ல "இந்தச் சைட் பணத்தை எடுத்து அந்தச் சைட்டுக்குப் போடுறது"ன்னு சொல்வோமே, அதேதான்.

"நானே 25 வருஷமா ரேட் போடுறேன் தம்பி"

முதலாளிங்க இப்படிச் சொல்வாங்க. அதுல நியாயமும் இருக்கு. வருஷத்துக்கு மூணு வேலை எடுக்கிற வரைக்கும் அவர் அனுபவத்தை அடிச்சுக்க ஆளே கிடையாது. எந்த கிளையன்ட் பில்லை இழுத்தடிப்பார், எந்த ஏரியாவுல நாலடி தோண்டினா பாறை வரும்னு எல்லாம் அவர் தலைக்குள்ள இருக்கு. பிரச்சனையே அதுதான், தலைக்குள்ள மட்டும் இருக்கு. ஒரே மாசத்துல ஆறு டெண்டர் வந்தா அந்தத் தலையை ஆறாப் பிரிக்க முடியாது.

சின்ன கம்பெனிக்கு இந்தச் செலவு தேவையில்லைங்கிறதையும் ஒத்துக்கிறேன். வருஷத்துக்கு ரெண்டு வேலை எடுக்கிறவருக்கு ஒரு நல்ல குவான்டிட்டி சர்வேயர் போதும். ஆனா டர்ன்ஓவரை இரட்டிப்பாக்கணும்னு கிளம்பி, அதுக்கு முதல் ஆளா மார்க்கெட்டிங் மேனேஜரை எடுக்கிறது தப்புன்னுதான் சொல்றேன். விலை சரியாப் போடத் தெரியாத கம்பெனிக்கு அதிக ஆர்டர் வந்தா, நஷ்டமும் சேர்ந்து அதிகமாகும்.

ஆளை எடுத்தாலும் ரெண்டு விஷயத்துல கோட்டை விடுறாங்க. ஒண்ணு, பெரிய கம்பெனியில இருந்து ஆளைக் கொண்டு வந்து பட்டம் மட்டும் கொடுக்கிறது. "இந்த டெண்டர் வேண்டாம்"னு சொல்ற அதிகாரம் அவருக்கு இல்ல. கடைசி நிமிஷத்துல முதலாளி "2% குறைச்சுப் போடு"ம்பார், போட்டுத்தான் ஆகணும்.

ரெண்டாவது, போனஸ். ஜெயிச்ச ஆர்டர் மதிப்புக்குப் போனஸ்னு வச்சா அவர் என்ன பண்ணுவார்? விலையைக் குறைச்சு ஜெயிப்பார். போனஸ் இந்த வருஷம் கிடைக்கும், நஷ்டம் அடுத்த வருஷம் தெரியும். அதுக்குள்ள அவர் வேற கம்பெனிக்குப் போயிருப்பார். வேலை முடிஞ்ச பிறகு, போட்ட எஸ்டிமேட்டும் நிஜச் செலவும் எவ்வளவு ஒத்துப் போச்சுங்கிறதை வச்சு ஒரு பகுதி போனஸாவது கொடுக்கணும்.

சரி, நீங்க என்ன செய்யணும்?

இன்டர்வியூவுல "ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்பாங்க இல்லையா, அப்போ இதைக் கேளுங்க:

- டெண்டர் விலையை யார் இறுதி பண்றாங்க?
- கடைசியா எந்த வேலையை வேண்டாம்னு விட்டீங்க, ஏன்?
- முடிஞ்ச வேலைகளோட நிஜச் செலவை எஸ்டிமேட்டோட ஒப்பிட்டுப் பதிவு பண்ணி வச்சிருக்கீங்களா?

பணிவாக் கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. "நாங்க எந்த வேலையையும் விட்டதே இல்ல"ன்னு பெருமையா பதில் வந்தா கொஞ்சம் யோசிங்க.

சைட்ல மூணு, நாலு வருஷம் முடிச்ச சிவில் இன்ஜினியரா நீங்க? எஸ்டிமேஷன் டேபிளை ஏசி ரூம் கிளார்க் வேலைன்னு ஒதுக்காதீங்க. சைட் அனுபவத்தோட விலை போடத் தெரிஞ்ச ஆள் முதலாளிக்குப் பக்கத்துல உட்காருற ஆள். ஐஎஸ் 1200 அளவு முறை, ரேட் அனாலிசிஸ், ஒப்பந்த ஷரத்து இந்த மூணையும் பழகுங்க. உங்க சம்பளப் பேச்சுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

ஏற்கனவே இப்படி ஒரு கம்பெனியில இருக்கீங்கன்னா, மாசம் ஒரு தடவை உங்க பிஎஃப் பாஸ்புக்கைப் பாருங்க. போன மாசப் பணத்தை இந்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கம்பெனி கட்டியாகணும். சம்பளத்துல பிடிச்ச டிடிஎஸ் உங்க பேர்ல ஏறியிருக்கான்னு காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரி போர்ட்டல்ல பாருங்க. ரொக்கத் தட்டுப்பாடு வந்தா முதல்ல தள்ளிப் போறது இதெல்லாம்தான், சம்பளம் அப்புறம்தான் தாமதமாகும். எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாருக்கும் ஆறு மாசம்னு சொல்வேன். கன்ஸ்ட்ரக்‌ஷன்ல இருக்கிறவங்க ஒன்பது மாசச் செலவுக்கு வைங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் புது பைக் இஎம்ஐ, பெர்சனல் லோன் ரெண்டும் வேண்டாம்.

"நான் ஐடிலங்க, எனக்கு என்ன?"ன்னு கேட்கலாம். உங்க கம்பெனியிலயும் ஒரு ப்ராஜெக்ட்டை எத்தனை ஆள், எத்தனை மாசம்னு யாரோ கணக்குப் போட்டு கிளையன்ட்டுக்கு விலை சொல்லியிருப்பாங்க. 12 பேர் வேலையை 8 பேர்னு சொல்லி ஜெயிச்சிருந்தா, மீதி நாலு பேர் வேலையைச் சனிக்கிழமையும் உட்கார்ந்து செய்யுறது நீங்கதான். அப்ரைசல்ல "இந்த வருஷம் மார்ஜின் சரியில்ல"ன்னு கேட்கப் போறதும் நீங்கதான்.

உங்க கம்பெனியில விலை போடுறது யாரு? "வேண்டாம்"னு சொல்ற தைரியம் அவருக்கு இருக்கா? கம்பெனி பேர் போடாம கமெண்ட்ல சொல்லுங்க. சிவில் நண்பர்கள் யாராவது புது ஆஃபரை வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டு இருந்தா இதை அவங்களுக்கு ஷேர் பண்ணுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.