டிரெய்லர் பிரேக் லைட் விட்டு விட்டு எரிகிறதா?

''எங்கள் டிராக்டர் டிரெய்லரில் பிரேக் லைட் வீட்டு வாசலில் நிற்கும்போது நன்றாக எரிகிறது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் விட்டு விட்டு எரிகிறது. இரண்டு முறை பல்பு மாற்றியும் பயனில்லை. போன வாரம் விடியற்காலையில் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகும்போது, பின்னால் வந்த பைக் மயிரிழையில் தப்பியது. என்ன செய்யலாம்?''

- வாசகர், லாஸ்பேட்டை.

பல்பு ஃபியூஸ் ஆனால் ஒரேயடியாக அணைந்துவிடும். ஆட்டத்தில் அணைந்து, ஆட்டத்திலேயே எரிந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை வரிசையாகத் தேடினால் அரை நாளில் பிடித்துவிடலாம்.

முதலில் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். டிரெய்லர் லைட் அணையும்போது டிராக்டரின் பிரேக் லைட்டும் அணைந்தால், பெடல் சுவிட்ச், ஃபியூஸ் இரண்டையும் பாருங்கள். டிரெய்லரில் மட்டும் இரண்டு பக்கமும் அணைந்தால் பிளக், ஒயர், எர்த் மீது சந்தேகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஹோல்டரும் அதற்குப் போகும் ஒயரும்தான்.

அடுத்தது எர்த். பல டிரெய்லர்களில் எர்த்துக்குத் தனி ஒயர் இருக்காது. கொக்கியும் பின்னும் தொட்டுக்கொண்டிருப்பதுதான் எர்த். குலுங்கினால் அந்தத் தொடர்பு விட்டுப்போகும். பார்க் லைட்டைப் போட்டு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பார்க் லைட் மங்கினாலோ, இண்டிகேட்டர் லேசாக எரிந்தாலோ எர்த் கோளாறுதான். டிராக்டரின் பெயின்ட் இல்லாத போல்ட்டிலிருந்து டிரெய்லர் சேஸிஸுக்குத் தற்காலிகமாக ஓர் ஒயர் இழுங்கள். லைட் நிலையாக எரிந்தால் காரணம் உறுதி. பிறகு பிளக் வழியாகத் தனி எர்த் ஒயர் போட்டு, சேஸிஸில் துருவைச் சுரண்டிய இடத்தில் போல்ட் வைத்து இறுக்குங்கள்.

மூன்றாவது, 7 பின் பிளக். புதுச்சேரி மாதிரி கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, லேசாக வாசலின் தடவுங்கள். பொதுவாக 3-ம் எண் எர்த், 6-ம் எண் பிரேக் லைட். ஆனால், முன்பு வேலை செய்தவர் மாற்றியிருக்கலாம். ஒயரின் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பிளக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒயரை ஒவ்வொரு முழமாக அசைத்துக்கொண்டே போகட்டும். லைட் எங்கே அணைகிறதோ அங்கேதான் கோளாறு. திருப்பத்தில் இழுபடும் இடம், சேஸிஸ் ஓட்டையில் உரசும் இடம், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்... இந்த மூன்றும் முக்கியம்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் பல்பு இல்லாதபோது மீட்டர் 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்புகள் இரண்டு எரிய சுமார் மூன்றரை ஆம்பியர் வேண்டும். அதை அந்த இழை தாங்காது. பல்பு எரியும் நிலையில்தான் அளக்க வேண்டும். அமெரிக்காவில் டிரெய்லர் சக்கரத்திலேயே மின்காந்த பிரேக் வைக்கிறார்கள். அங்கும் விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் எர்த்தையும் பிளக்கையும்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸோ, கம்பியோ போடாதீர்கள். ஒயர் எங்கோ சேஸிஸைத் தொடுகிறது. அப்படியே விட்டால் தீப்பிடிக்கும்.

வேலை முடிந்ததும் வீட்டு வாசலில் சோதித்தால் போதாது. பாரம் ஏற்றி, மேடு பள்ளமான வண்டிப்பாதையில் ஓட்டி, பின்னால் ஒருவரை வரச்சொல்லிப் பாருங்கள். டிரெய்லரின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டரும் ஒட்டிவிடுங்கள். லைட் ஏமாற்றினாலும், பின்னால் வருபவர் கண்ணுக்கு அது தெரியும்.