விண்கலமும் வெறுஞ் சாக்குகளும்

தமிழிலே விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்கள் வளராமைக்குப் பணமின்மையே காரணம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் சமாதானம். விண்வெளியைக் காட்டக் கோடிகள் வேண்டும், அவை ஹொலிவூட்டுக்கே உரியன, நமக்குக் குடும்பக் கதை போதும் என்பர். இது வரலாற்றை நோக்காதார் கூற்று.

உலகறிந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் தொடக்கத்தை எடுத்துக்கொள்க. 1964 மார்ச்சில் ஜீன் ரொடன்பெரியின் கையில் இருந்தது 16 பக்க முன்மொழிவொன்றே. வண்டித் தொடரணிகளில் மேற்றிசை சென்ற குடியேறிகளின் கதை அமெரிக்கருக்குப் பழக்கமானது. அதனையே அவர் விண்மீன்களிடையே பெயர்த்து வைத்தார். டெசிலு நிறுவனம் தயாரித்த முதல் முன்னோட்டப் படத்தை என்.பி.சி. ஏற்கவில்லை. அது அளவுக்கு மீறிச் சிந்திக்க வைக்கிறதாம்! ஆயினும் அந்நிறுவனம் கதவை அடைக்காமல் இரண்டாவது முன்னோட்டமொன்றைக் கேட்டது. அதன் பயனாகவே 1966 செப்டெம்பர் 8இல் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரந்தோறும் விண்கலத்தைப் புதிய கோளொன்றில் இறக்கிக் காட்டப் பணம் போதவில்லை. ஆகவே மாந்தரை ஓரிடத்தில் மறைத்து மற்றோரிடத்தில் தோன்றச் செய்யும் கருவி கற்பிக்கப்பட்டது. இன்று அத்தொடரின் அடையாளமாகப் போற்றப்படும் அக்கருவி வறுமை ஈன்ற குழந்தை.

எதிர்காலச் சிந்தனை இம்மண்ணுக்கு அந்நியமானதுமன்று. ரொடன்பெரி தம் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். நாட்டில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத 1975இல் அவரது கொழும்பு இல்லத்தில் செய்மதி அலைவாங்கி நிறுவப்பட்டது. தமிழிலும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்ததுண்டு. அது மரபாக வளராமைக்குக் கற்பனைப் பஞ்சம் காரணமன்று. அடுத்ததைக் கொண்டுவா என்று கேட்கும் நிறுவனம் இல்லாமையே காரணம்.

கதைக்களம் இல்லை என்பாரும் உளர். அவர்கள் புத்தளக் கரையோரத்து எத்தாளைக்குச் சென்று பார்க்கட்டும். கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. அக்குடாநாட்டிலேயே நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் 2011 முதல் இயங்கி வருகிறது. அதன் கொள்ளளவு 900 மெகாவாற்று. காற்றாலைகளும் அங்கே சுழல்கின்றன. மணலுக்கடியில் மெல்லியதொரு நன்னீர்ப் படுக்கை. தோட்டங்களும் குடிமனைகளும் நம்பியிருப்பது அதனையே. உரம் மிகுந்தால் நைத்திரேற்று அந்நீரிலேயே இறங்கும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் புகலடைந்ததும் இக்குடாநாட்டிலேதான். ஊரிழந்தோர், எரிபொருள், வற்றும் நன்னீர் ஆகிய இவற்றைவிட வேறெதனை விஞ்ஞானப் புனைகதை வேண்டும்?

நன்னீர் முழுவதும் உவர்த்துப்போன ஓராண்டில் கடைசிக் கிணற்றைக் காக்கும் முதியவளையும், தோணியில் வந்திறங்கும் அந்நியனையும் வைத்தே முதல் அங்கத்தை எழுதிவிடலாம். விண்கலம் வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகள் எதிர்காலம் எப்போதும் வேற்று மொழியிலேயே பேசும் என்று நம்பி வளர்வது சிறு இழப்பன்று. ரூபவாஹினியின் தமிழ்ப் பிரிவும் தனியார் அலைவரிசைகளும் இத்தகைய எழுத்தைக் கேட்டுப் பெறவேண்டும். முதல் முன்னோட்டம் தவறினால், என்.பி.சி. கேட்டதுபோல, இரண்டாவதையும் கேட்க வேண்டும்.