கருணாபுரத்தை எட்டாத தீர்மானங்கள்



ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்புக்கான சர்வதேச நாள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1987 டிசம்பர் 7 அன்று 42/112 என்னும் தீர்மானத்தின் வழியாக அந்நாளை அறிவித்தது. ஆண்டுதோறும் அன்று நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வலக்கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டிலும் அந்நாள் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், பாக்கெட்டில் விற்கப்பட்ட மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்; பெண்களும் அவர்களில் இருந்தனர். தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகள் உண்டு. உலகம் உறுதிமொழி எடுத்த அந்த நாளிலும் மருத்துவமனைகளில் பலர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர்.

இறந்தவர்கள் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் அல்லரே என்று எவரும் கடந்து போய்விட வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கத்தைப் பார்த்து நம் மார்க்கம் அளக்கவில்லை.

ஜூன் 26-இன் தீர்மானத்தில் மதுவுக்கு இடமில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1961, 1971 ஆகிய ஆண்டுகளின் சர்வதேச உடன்படிக்கைகள் பட்டியலிட்ட பொருள்களே அங்கே போதைப்பொருள்கள். உலகில் மிகுதியான குடும்பங்களைக் குலைக்கும் போதை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

அறிந்தும் கட்டுப்படாத அவைகள்

மதுவைப் பற்றி உலகம் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, மதுவின் தீங்கைக் குறைப்பதற்கான உலகளாவிய உத்தி ஒன்றை 2010 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. அரசுகள் செயல்பட வேண்டிய பத்துத் துறைகளை அது வகுத்தது. அவற்றுள் ஒன்று கள்ளச்சாராயத்தால் விளையும் கேட்டைக் குறைப்பது. கருணாபுரத்தில் நிகழ்ந்ததை 14 ஆண்டுகளுக்கு முன்பே உலகப் பேரவை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. 2011-இல் ஐ.நா. பொதுச்சபை தொற்றா நோய்கள் பற்றிய அரசியல் பிரகடனத்தில் புகையிலையோடு மதுவையும் சேர்த்துச் சொன்னது. 2015-இன் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 3.5-ஆவது இலக்கும் அதையே சொல்கிறது. 2030-க்குள் மதுவின் தீங்கை 20 விழுக்காடேனும் குறைக்க 2022-இல் ஒரு செயல்திட்டமும் ஏற்கப்பட்டது.

இத்தனை இருந்தும் ஏன் எதுவும் கருணாபுரத்தை எட்டவில்லை? தீர்மானம் எழுதப்படும் முறையிலேயே விடை இருக்கிறது. பொதுச்சபையின் தீர்மானம் இலக்கணப்படி ஒரே ஒரு வாக்கியம். "நினைவுகூர்ந்து", "ஆழ்ந்த கவலையுடன் கவனத்தில் கொண்டு" என முகவுரைகள் நீளும், பின்னர் "வலியுறுத்துகிறது", "கேட்டுக்கொள்கிறது" என வினைகள் வரும், முற்றுப்புள்ளி கடைசியில்தான். அடுத்த கூட்டத்தொடரில் மீண்டும் விவாதிக்கலாம் என்பதே பல தீர்மானங்களின் இறுதிச் சொல். ஐ.நா. சாசனம் பொதுச்சபைக்கு அளித்திருப்பது உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம். தன் உள் நிர்வாகத்தைக் கடந்து எவரையும் கட்டுப்படுத்த அதனால் இயலாது. 2023 டிசம்பரில் காஸாவில் போர்நிறுத்தம் கோரி 153 நாடுகள் வாக்களித்தபின் குண்டுகள் நின்றனவா என்பதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சொற்களுக்குள்ளும் ஒரு கதவு திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆவணங்கள் மதுவைக் கண்டிப்பதில்லை. "தீங்கு விளைவிக்கும் மதுப் பயன்பாடு" என்பதையே கண்டிக்கின்றன. தீங்கற்ற பயன்பாடு ஒன்று உண்டு என்னும் பொருள் அதனுள் ஒளிந்திருக்கிறது. மதுவில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்று அதே உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மதுவில் சில பயன்கள் இருப்பினும் அதன் கேடே பெரிது என்று திருமறை அல்பகரா அத்தியாயத்தில் தீர்ப்பளித்து 1,400 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மனமிருந்தால் கட்டுப்படுத்த முடியும்

உலக அவைகள் இயல்பிலேயே பல்லற்றவை என்பார் உண்டு. அதுவும் முழு உண்மையன்று. இதே பேரவைதான் 2003 மே மாதத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. ஒப்புதல் அளித்த நாடுகளை அது சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. இந்தியா அதில் இணைந்தது. இன்று சிகரெட் பெட்டியை மூடிக்கிடக்கும் அச்சமூட்டும் படங்களுக்கும், பேருந்தில் புகைப்பவரைத் தட்டிக்கேட்கும் துணிவுக்கும் பின்னால் அந்த ஒப்பந்தத்தின் கை இருக்கிறது. மதுவுக்கு அத்தகைய உடன்படிக்கை இன்றுவரை இல்லை. 2019-இல் மட்டும் மதுவால் 26 லட்சம் பேர் உலகெங்கும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கருணாபுரத்துச் சிதைகளின் சூடு ஆறுவதற்குள், 2024 ஜூன் 25 அன்று, அந்த அறிக்கை வெளிவந்தது.

புகையிலையை உலகம் கட்டிப்போட்ட அதே 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு என்ன செய்தது? மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. கட்சிகள் மாறின, கடைகள் நிலைத்தன. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்ட பின்னும் 4,800-க்கு மேல் எஞ்சின. 2023-24-இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று நம் அரசமைப்பின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. நெறிமுறைக் கோட்பாடுகளை நீதிமன்றத்தின் வழியாக நிறைவேற்ற இயலாது என்று 37-ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது. கள்ளக்குறிச்சியின் அண்டையிலுள்ள சேலத்தில் 1937-இலேயே மதுவிலக்கைக் கண்ட மாநிலம் இது.

மதுவிலக்கு வந்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது வழக்கமான வாதம். கருணாபுரத்தில் மதுவிலக்கா இருந்தது? அரசின் கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான் அத்தனை பேர் இறந்தனர். குடியைப் பழக்கியது ஒரு சந்தை. கடைச் சரக்கை வாங்க இயலாத ஏழையை மலிவான பாக்கெட்டின் பக்கம் தள்ளியது அதன் விலை. மதுவிலக்குள்ள குஜராத்திலும் பீகாரிலும் 2022-இல் நச்சுச் சாராயம் உயிர்களைக் குடித்ததை மறுக்கவில்லை. ஏட்டில் மட்டும் நிற்கும் சட்டமும் ஒரு தீர்மானமே என்பதை அவை காட்டுகின்றன. கருணாபுரத்திற்குப் பின் ஜூன் 29 அன்று நம் சட்டமன்றம் தண்டனையை ஆயுள் சிறைவரை உயர்த்தியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. இரண்டும் தேவையானவையே. ஆயினும் இறப்புக்குப் பின் வரும் தண்டனை, இறப்புக்கு முன் வந்திருக்க வேண்டிய அக்கறைக்கு ஈடாகாது.

மதீனாவின் தெருக்கள்

மதுவை விலக்கும் கட்டளை மதீனாவில் ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் அதன் கேடு உணர்த்தப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது. இறுதியில் அல்மாயிதா அத்தியாயத்தில் முழுத் தடை வந்தது. அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை நாம் அறிவோம். அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் மது தெருவில் கொட்டப்பட்டது. மதீனாவின் தெருக்களில் அது ஓடியது. அங்கே காவலர் படை வரவில்லை. கேட்டவர்களே கட்டுப்பட்டவர்கள்.

தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. கை என்பது அதிகாரம். அரசுகளிடம் கை இருக்கிறது. அவை நாவோடு நின்றுகொள்கின்றன. அதுவே என் குற்றச்சாட்டு.

நம் மேடைகளின் தீர்மானங்கள்

அக்குற்றச்சாட்டிலிருந்து நாமும் தப்ப முடியாது. நம் மாநாடுகளில் "பூரண மதுவிலக்கை அமல்படுத்துக" என்னும் தீர்மானம் தவறாமல் இடம்பெறுகிறது. தக்பீர் முழங்க நிறைவேறுகிறது. அடுத்த ஆண்டு அதே சொற்களில் மீண்டும் நிறைவேறுகிறது. இதற்கும் நியூயார்க்கில் நிறைவேறுவதற்கும் என்ன வேறுபாடு?

மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். குடிப்பவர் மட்டும் அல்லர். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவரும் அதில் அடக்கம். அவ்வாறிருக்க, நம்மவரின் கட்டடம் எதுவும் மதுக்கடைக்கோ பாருக்கோ வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதா என்று எத்தனை ஜமாஅத் விசாரித்தது? மஹல்லாவில் குடிக்கு அடிமையான இளைஞனை ஊர்விலக்கால் மிரட்டுகிறோம். அவனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் எத்தனை பேர்? கணவனின் குடியால் அடிபட்டுப் பள்ளிவாசல் படியேறும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள் அம்மா" என்பதைத் தவிர நாம் என்ன சொன்னோம்?

தீர்மானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட எழுத்து ஒரு சாட்சி. நாளை கேள்வி கேட்பவனின் கையில் அது ஆதாரம். அடுத்த கிராம சபையில் மதுக்கடையை அகற்றக் கோரும் தீர்மானம் வந்தால், நம் குடும்பத்துப் பெண்களும் சென்று கையொப்பமிடட்டும். ஆனால் இனி நம் ஜமாஅத்தில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டால், கை உயர்த்துமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் செய்யப் போகிறவர் யார்? எந்த நாளுக்குள்? செய்யாவிடில் யாரிடம் பதில் கேட்பது? விடை இல்லையெனில் அதை நிறைவேற்றாதீர்கள். திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

நாவினால் சொன்னதைக் கரங்களால் செய்யும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. கருணாபுரத்தின் அநாதைப் பிள்ளைகளுக்கு நல்ல ஆதரவை ஏற்படுத்துவானாக. ஆமீன்.