ழகரம் தாளில் இல்லை, நாவில் இருக்கிறது

எழுத்தென்பது முதற்கண் ஒலி, பின்னரே வரி. ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டாக இதனைப் பகுத்துக் காட்டுவது நம் இலக்கண மரபு. தொல்காப்பியர் எழுத்துகளின் தொகையும் வகையும் கூறியதோடு அமையாது, அவை நெஞ்சிலும் மிடற்றிலும் நாவிலும் அண்ணத்திலும் பிறக்கும் முறையைக் கூறப் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்தார். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்று அவர் கண்டு சொன்னது இன்றும் பொய்க்கவில்லை.

இன்றைய மழலையர் பள்ளிகளில் எழுத்தறிமுகம் என்னும் பெயரால் நடப்பது யாது? ஒரு தாள், அதன் நடுவே கோட்டோவியமாக ஒரு பழமோ பறவையோ, மூலையில் ஓர் எழுத்து. பிள்ளையின் கையில் வண்ணக்கோலைத் தந்து, கோட்டைத் தாண்டாமல் தீட்டுக என்கின்றனர். பிள்ளையும் அரைமணி நேரம் தீட்டுகிறது. ஓவியம் நிறைகிறது, பெற்றோர் மகிழ்கின்றனர். அவ் வெழுத்தின் ஒலி ஒருமுறையேனும் பிள்ளையின் நாவில் ஏறிற்றா என்று கேட்பார்தாம் இலர்.

வண்ணந்தீட்டலே வேண்டா என்பது நம் கருத்தன்று. அதனால் விரல் வலுப்பெறும், கண்ணும் கையும் ஒன்றுபடும், பிள்ளை மகிழ்ந்திருக்கும். ஆயின், அதுவே எழுத்தறிவு என்று கொள்ளுங்கால் இரண்டு கேடுகள் நேர்கின்றன.

முதலாவது, வார்ப்பின் கேடு. ஓர் எழுத்து, அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு சொல், அச்சொல்லுக்கு ஒரு படம் என்னும் அமைப்பு ஆங்கில அரிச்சுவடியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 'எக்சு' என்னும் ஓரெழுத்துக்கு மட்டும் எளிய சொல் கிடையாமல் அவர்களே இடர்ப்படுகின்றனர். தமிழின் நிலை வேறு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா என்பது தொல்காப்பிய மொழிமரபு கூறும் நெறி. நம் மொழியின் இயல்பை அறியாதார் ஆங்கில வார்ப்பை அப்படியே பதித்துக்கொண்டு, வெற்றிடத்தை நிரப்பச் சொல் தேடி வேற்றுமொழிக் கடைக்கு ஓடுகின்றனர். லகரத்துக்கு லட்டும் லாரியும் வருகின்றன. ரகரத்துக்கு ரயில் வருகிறது. அரம் என்பதன் வழிவந்த அரம்பம் தன் தலையைத் தானே அறுத்துக்கொண்டு ரம்பமாய் வந்து நிற்கிறது! நம் முன்னோரோ வேற்றுச்சொல்லை எடுத்தாள நேர்ந்தபோதும் இராமன், இலக்குவன், உலோகம் என முன்னே ஓர் உயிரை நிறுத்தித் தமிழ்மரபு காத்தனர். மூன்று அகவைப் பிள்ளை தமிழெழுத்தைக் கற்கும் முதல் நாளிலேயே தமிழ் மரபை மீறக் கற்கிறது என்றால், அதனினும் கொடுமை வேறுண்டோ?

ழகரத்துக்கு வேற்றுமொழியிலும் சொல் கிடைப்பதில்லை. ஆகவே அப்பக்கத்தை ஏனோதானோ என்று கடந்துவிடுகின்றனர். சொல்லின் முதலில் வாரா எழுத்தைச் சொல்லின் இடையிலும் கடையிலும் காட்டுவதன்றோ முறை? மெய்யெழுத்துகளைக் கற்பிக்குங்கால் நம் அரிச்சுவடிகள் இதனைச் செவ்வனே செய்கின்றன. சங்கு, பஞ்சு, கண், தேர், பல், யாழ், தேள், மான் என்று அவை நிரல்படக் காட்டுகின்றன. அந்நெறியையே உயிர்மெய்க்கும் நீட்டினால் சிக்கல் தீர்ந்தது. பழம், மழை, வாழை, கோழி, கிழங்கு, குழல் என ழகரம் குலவும் சொற்கள் பிள்ளையின் வீட்டிலும் தெருவிலுமே நிறைந்து கிடக்கின்றனவே!

இரண்டாவது, செயலின் கேடு. எழுத்து ஒரு வழி. அதற்குத் தொடக்கம் உண்டு, வளைவு உண்டு, முடிவு உண்டு. கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் பிள்ளைக்கோ அது ஒரு குளம், எங்கிருந்தும் நிரப்பலாம். ழகரத்தை வாலிலிருந்து தீட்டத் தொடங்கினாலும் வண்ணம் நிறைந்துவிடும்; எழுதும் முறை மட்டும் கையில் படியாது.

நம் திண்ணைப் பள்ளிகள் இதனை அறிந்திருந்தன. மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே வாய்விட்டு ஒலித்தனர் பிள்ளைகள். விரலும் செவியும் நாவும் ஒருங்கே கற்றன. 1789 முதல் சென்னையில் படைஞர் பிள்ளைகளுக்கான ஏதிலர் இல்லத்தை மேற்பார்த்த ஆண்டுரூ பெல் என்னும் வெள்ளையர், இந்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அதுபற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. 1907இல் உரோம் நகரில் குழந்தைகள் இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மையாரும் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் வருடிக்கொண்டே ஒலிக்கச் செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து தம் முறையைப் பயிற்றுவித்தபோது, நம்மவர் அதனைப் புதுமை என வியந்தனர். வீட்டு வாயிலில் கிடந்த மணலை மறந்தவர்க்கு உப்புத்தாள் வியப்பாகத்தானே இருக்கும்?

அங்ஙனமாயின் வண்ணத்துக்கு இடமே இல்லையா? உண்டு. வண்ணம் அணியாக இராமல் அறிவுக்குக் கருவியாக வேண்டும். ஒரு தாளில் மலை, மழை, தலை, தழை, வாளைமீன், வாழை, கிளி, கோழி ஆகியவற்றின் ஓவியங்களை வரைக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெறும் வட்டம் இடுக. ஆசிரியர் ஒவ்வொரு பெயரையும் திருத்தமாகப் பலுக்க வேண்டும். பிள்ளை திருப்பிப் பலுக்க வேண்டும். ழகரம் ஒலித்தால் வட்டத்துக்குப் பச்சை, ளகரம் ஒலித்தால் மஞ்சள், லகரமாயின் சிவப்பு. இப்போது வண்ணக்கோலை எடுக்குமுன் பிள்ளையின் செவி வேலை செய்தாக வேண்டும். மலைக்குச் சிவப்பும் மழைக்குப் பச்சையும் பிழையின்றி இட்ட பிள்ளை, அவ்விரண்டையும் கேட்டுப் பிரிக்கக் கற்றுவிட்டது என்க. பிறகு, தட்டில் பரப்பிய மணலிலோ அரிசியிலோ ழகரத்தை விரலால் எழுதட்டும். அதன்பின் வாழைக்கும் கோழிக்கும் விரும்பியவாறு வண்ணம் தீட்டி மகிழட்டும்.

இஃது ஓரெழுத்தைப் பற்றிய சிறு பேச்சன்று. பழம் சில பகுதிகளில் பளம் ஆயிற்று. சென்னைப் புறத்தே பயம் ஆயிற்று. மேல்வகுப்புக்கு வந்த மாணவரும் ஒலியில் கலங்கியதை எழுத்திலும் கலக்கி, வாழையை வாளையாக்கி மரத்தை மீனாக்குகின்றனர். அவ்வளவு ஏன், மேடையேறித் 'தமில் வாள்க' என முழங்குவாரும் நம்மிடையே உளர். தன் பெயரின் ஈற்றொலியைத் தன் மக்களின் நாவிலேயே இழக்கும் மொழி, பிற இடங்களில் பெறும் பெருமையால் என்ன பயன்?

தமிழ்ப் பெற்றோரே! வண்ணப் பொத்தகம் வாங்குமுன் அதன் ரகர, லகர, ழகரப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். லட்டும் லாரியும் அங்கே இருந்தால் கடைக்காரரிடமே திருப்பித் தந்து, கரணியத்தையும் சொல்லுங்கள். பதிப்பகத்தாரே! ஓவியரை அமர்த்துமுன் தமிழறிந்தார் ஒருவரிடம் சொற்பட்டியலைக் காட்டுங்கள். ஆசிரியப் பெருமக்களே! முதலில் நாவைத் திருத்துங்கள். அடுத்து விரலைப் பழக்குங்கள். வண்ணக்கோலைப் பின்னர்க் கொடுங்கள்.

பிள்ளை தீட்டிய பச்சை நாளடைவில் மங்கிப்போம். ஐந்து அகவைக்குள் நாவில் படிந்த ழகரமோ அதன் வாழ்நாள் முழுதும் மங்காது.